ஒற்றை விளக்கு இரண்டாகும் தூரம்

எனக்குப் பார்வை 6/6. மனிதக் கண்ணுக்கு எல்லை அதுதான் என்று பல வருடம் நம்பியிருந்தேன். போன மாதம் ஒரு ராத்திரி அந்த நம்பிக்கை போய்விட்டது.

வளைவே இல்லாத ஒரு சாலையோரம் நானும் அக்கா மகளும் நின்றோம். அவளுக்கு 12 வயது. நண்பர் ஒருவர் காரை ஆறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்த் திருப்பி, மெதுவாக எங்களை நோக்கி ஓட்டி வந்தார். கூட இருந்தவர் போனில் தூரம் சொல்லிக்கொண்டே வந்தார். ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் முகப்பு விளக்கு எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

விளக்குகளுக்கு நடுவே 1.4 மீட்டர். 6/6 என்றால் ஒரு கோண நிமிடத்தை, அதாவது ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கைப் பிரித்தறியும் பார்வை. 1862-இல் கண் மருத்துவர் ஸ்னெல்லன் வெளியிட்ட, பார்வையைச் சோதிக்கும் எழுத்துப் பலகைக்கு அடிப்படை இந்த அளவுதான். அப்படியானால் 4.8 கிலோமீட்டரிலேயே இரண்டாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. நாலு, மூன்றரை, மூன்று... அதே ஒற்றை ஒளி. 2.8-இல் அவள் "ரெண்டு மாமா, ரெண்டு!" என்று கத்தினாள். எனக்குப் பிரிந்தபோது கார் இரண்டு கிலோமீட்டருக்குள் வந்திருந்தது.

இருட்டில் கண்பாவை விரிந்துவிடுகிறது. அதன் ஓரங்கள் வழியாக வரும் ஒளி ஒழுங்காக ஒரே இடத்தில் குவியாது. விளக்கின் கூச்சமும் சேர்ந்துகொண்டால் இரண்டு ஒளியும் ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் நல்ல வெயிலில் ஒரு தாளில் 1 மி.மீ. கோடுகளை 1 மி.மீ. இடைவெளியில் வரைந்து மாட்டினேன். 6/6 கணக்குப்படி சுமார் 3.4 மீட்டருக்கு அப்பால் அவை கலங்கிச் சாம்பலாகிவிட வேண்டும். அவள் ஐந்து மீட்டரில் நின்று எண்ணினாள்! விழித்திரையின் நடுவில் ஒளியை உணரும் கூம்பு செல்கள் சுமார் அரை கோண நிமிட நெருக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. உண்மையான எல்லை அங்கேதான் இருக்கிறது. 6/6 நடுவில் போட்ட ஒரு கோடு.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

மறுமொழி 1

எனக்கு வானத்தில் நடந்தது. அருந்ததியும் வசிஷ்டரும் 12 கோண நிமிடம் தள்ளி இருப்பதால் முதல் இரவே பிரிந்து தெரிந்தார்கள். வேகா நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள எப்சிலான் லைரே என்ற நட்சத்திர ஜோடிதான் படுத்தி எடுத்தது. அந்த ஜோடிக்கு இடைவெளி சுமார் மூன்றரை கோண நிமிடம். கண்ணாடியின் பவரை மாற்றிய பிறகுதான் பிரிந்தது. அன்றைக்கு வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

மறுமொழி 2

பிரித்துப் பார்ப்பது வேறு, இருப்பது தெரிவது வேறு. 1939-இல் ஹெக்ட், மின்ட்ஸ் இருவரும் செய்த சோதனையில், வெளிச்சமான பின்னணியில் வெறும் அரை கோண நொடி (கோண நிமிடத்தில் 60-இல் ஒரு பங்குதான் கோண நொடி) தடிமனுள்ள கம்பிகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. நான் கம்பி இழுக்கும் வேலை செய்பவன். பளிச்சென்ற வானத்தில் 400 மீட்டர் தொலைவில் 3 மி.மீ. கம்பி மங்கலாக ஒரு கோடு மாதிரி தெரியும். ஒருமுறை அப்படித் தெரிந்ததை ஒரே கம்பி என்று சொல்லிவிட்டேன். கிட்டே போய்ப் பார்த்தால் ஐந்து சென்டிமீட்டர் தள்ளி இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது.