மெக்ரேடியின் சிங்தாவ் சீசன்: கடைசி இடத்துக்கு யார் பொறுப்பு?

மூன்றாம் கால்பகுதி:
நேற்று வேறொரு இழையில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டிரேசி மெக்ரேடி சீனாவில் ஆடிய சீசனைப் பற்றிப் பேச்சு வந்தது. "முழுத் தோல்வி, அணி கடைசி இடம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, அதனால் தனி இழை.

பின்னணி தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் 15 சீசன் ஆடியவர், ஏழு முறை ஆல்-ஸ்டார் (அந்த ஆண்டின் நட்சத்திர வீரர்கள் அணியில் தேர்வு), 2003, 2004 இரண்டு ஆண்டும் புள்ளிக் குவிப்பில் முதலிடம். 2012 அக்டோபரில் சிங்தாவ் டபுள்ஸ்டார் ஈகிள்ஸ் அணியோடு ஓராண்டு ஒப்பந்தம் போட்டார். அப்போது வயது 33. 29 ஆட்டங்களில் சராசரி 25 புள்ளிகள், 7.2 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 5.1 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்). அணிக்கு 8 வெற்றி, 24 தோல்வி.

அந்த 8-24 என்ற கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முதல் 12 ஆட்டமும் தோல்வி. அதற்கப்புறம் வந்த 20 ஆட்டத்தில் 8 வெற்றி. ஒரு வெற்றிகூட இல்லாத அணி, பிற்பாதியில் ஐந்துக்கு இரண்டு என்று ஜெயிக்கத் தொடங்கியது. புது நாடு, புது அணி, பழகாத ஆட்டக்காரர்கள். பழக அந்த 12 ஆட்டம் பிடித்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

பேஸ்லைன்:
நான்தான் அந்த "முழுத் தோல்வி" ஆள். அதிலிருந்து பின்வாங்கப் போவதில்லை.

நீங்கள் சொல்லும் 12 தோல்வியும் மெக்ரேடியின் கணக்கில் வரும், நண்பரே. சீசன் மொத்தமே 32 ஆட்டம். அதில் 12-ஐப் பழகுவதற்கென்று ஒதுக்க முடியுமா? சாம்பியன் அணிக்கு வேண்டுமானால் அந்த வசதி இருக்கலாம். சிங்தாவ் மாதிரி அணிக்கு டிசம்பர் முடிவதற்குள் சீசனே கைவிட்டுப் போய்விட்டது. பிற்பாதியில் வந்த 8 வெற்றியும் பிளேஆஃப் (முன்னணி அணிகள் மட்டும் ஆடும் இறுதிச் சுற்று) கனவு போன பிறகு வந்தவை. அவற்றுக்கு நான் பாதி மதிப்புதான் தருவேன்.

இன்னொன்று. ஒப்பந்தத் தொகை 10 லட்சம் டாலருக்கு மேல் என்று அப்போது செய்தி வந்தது. அவ்வளவு கொடுத்து ஒரு கிளப் ஆளைக் கூட்டி வருவது 25 புள்ளி சராசரியைப் பார்த்து ரசிக்கவா? ஜெயிக்கத்தான்.

ஹூஸ்டன் ரசிகன்:
சிங்தாவ் எதற்காக அவரைக் கூட்டி வந்தது என்பது தெரிய, 2004-லிருந்து தொடங்க வேண்டும்.

சீன நட்சத்திரம் யாவ் மிங்கும் மெக்ரேடியும் 2004 முதல் 2010 வரை என்.பி.ஏ.வின் ஹூஸ்டன் ராக்கெட்ஸில் ஒன்றாக ஆடினார்கள். யாவ் ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் சீனாவில் கோடிக்கணக்கான வீடுகளில் ஓடும். அந்த வீடுகளிலெல்லாம் மெக்ரேடியும் வளர்ந்தார். 2004 டிசம்பர் 9, சான் அன்டோனியோ அணிக்கு எதிராக 33 விநாடிகளில் 13 புள்ளி எடுத்து 81-80 என்று ஜெயித்துக் கொடுத்தாரே, அதை சீனச் சிறுவர்கள் கணக்குப் பாடம் மாதிரி மனப்பாடம் செய்திருப்பார்கள். அவர் சிங்தாவ் விமான நிலையத்தில் இறங்கியபோது திரண்ட கூட்டம் ஒரு கூடைப்பந்து வீரரை வரவேற்க வந்த கூட்டம் மாதிரியே இல்லை. வீட்டுப் பிள்ளை ஊர் திரும்பியது போல.

ஷான்தோங் மாகாணத்தின் அந்தக் கடற்கரை நகரத்தின் பெயரை நான் முதன்முதலில் தேடிப் படித்ததே அவரால்தான். என்னைப் போல எத்தனை பேர்! கிளப் கொடுத்த பணம் இந்த வகையில் திரும்பி வந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

பேஸ்லைன்:
அரங்கம் நிறைந்தது, பெயர் பரவியது, சரி. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அது கிளப்பின் விற்பனைப் பிரிவுக்குக் கிடைத்த வெற்றி. நாம் பேசிக்கொண்டிருப்பது கூடைப்பந்தைப் பற்றி.

மூன்றாம் கால்பகுதி:
சரி, கூடைப்பந்தையே பேசுவோம். அந்த லீகின் விதியைப் பார்க்காமல் இதைப் பேச முடியாது.

அன்றைய சி.பி.ஏ.வில், அதாவது சீனக் கூடைப்பந்து லீகில், ஒவ்வொரு அணிக்கும் இரண்டு இறக்குமதி (வெளிநாட்டு) வீரர்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் ஆறு கால்பகுதிக்கு மேல் களத்தில் நிற்க முடியாது. நான்கு கால்பகுதி, ஒவ்வொன்றிலும் ஐந்து இடம் என்றால் மொத்தம் இருபது. ஆறு போக மிச்சம் பதினான்கை உள்ளூர் வீரர்கள்தான் நிரப்ப வேண்டும். எதிரணியிலும் இதே கணக்கு, அங்கேயும் இரண்டு வெளிநாட்டவர். ஆக, இறக்குமதி வீரரை இறக்குமதி வீரர் ஈடுகட்டிவிடுகிறார். பட்டியலில் யார் மேலே, யார் கீழே என்பதை அந்தப் பதினான்கு பங்கு தீர்மானிக்கிறது. குவாங்தோங் அணி அத்தனை ஆண்டுகள் உச்சியில் இருந்ததற்கு அவர்களிடம் இருந்த சீன தேசிய அணி வீரர்கள்தான் காரணம். சிங்தாவிடம் அப்படி யாரும் இல்லை.

சீனத்தில் இறக்குமதி வீரரை "வாய்யுவான்" என்பார்கள். நேர்ப்பொருள் வெளியுதவி. உதவிக்கு வந்தவரிடம் போய் முழு வீட்டுக்கும் கணக்குக் கேட்கிறீர்கள்.

முந்தைய சீசனில் இன்னொரு என்.பி.ஏ. வீரர் ஜே.ஆர். ஸ்மித் இதே லீகில் ஜெஜியாங்குக்கு ஆடி 34.4 புள்ளி சராசரி வைத்திருந்தார். அந்த அணியும் பிளேஆஃப் போகவில்லை. அவரையும் தோல்வி என்பீர்களா?

பேஸ்லைன்:
ஸ்மித்தையும் அப்படித்தான் சொல்வேன், தயங்காமல்.

உங்கள் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அதிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. இறக்குமதி வீரரை இறக்குமதி வீரர் ஈடுகட்டுகிறார் என்றால், எதிரணியின் இறக்குமதி யார்? பலர் என்.பி.ஏ.வில் நிலையான இடம் கிடைக்காதவர்கள். மெக்ரேடி இரண்டு முறை அந்த லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். அவரை இவர்கள் ஈடுகட்டிவிட்டார்கள் என்று நீங்களே சொன்னால், 33 வயதில் அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அடுத்து, என்.பி.ஏ.விலிருந்து சீனா வந்த ஸ்டெஃபான் மார்பரி. அவருக்கும் ஷான்ஷி, ஃபோஷான் என்று இரண்டு அணிகளில் பட்டம் எதுவும் வரவில்லை. 2011-ல் பெய்ஜிங் போனார், 2012-ல் சாம்பியன், பிறகு 2014, 2015. பெய்ஜிங்கில் அவருக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். அதே லீக், அதே ஆறு கால்பகுதி விதி. விதி கையைக் கட்டியது என்றால் மார்பரி கையையும் அல்லவா கட்டியிருக்க வேண்டும்?

பழைய பாயிண்ட் கார்டு:
இருவரும் சொல்வதைப் படித்துக்கொண்டே வந்தேன். நான் அமெச்சூர் மட்டத்தில் ஒரு கிளப்புக்குச் சில ஆண்டுகள் ஆடியவன். ஒரு சீசனுக்கு மட்டும் எங்களுக்கு வெளிநாட்டு வீரர் ஒருவர் வந்தார். மெக்ரேடிக்கு முன்னால் அவர் எந்த மூலைக்கும் வரமாட்டார் என்றாலும் எங்களைவிடப் பல படி மேல். அந்த அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

அவர் வந்த முதல் வாரமே எங்கள் ஆட்டம் மாறியது. பந்தைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு நாங்கள் நான்கு பேரும் நிற்போம். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை, தானாக வந்தது. நான் ஷூட் செய்ய இடம் கிடைத்தாலும் தலை அவர் பக்கம்தான் திரும்பும். அவர் தவறவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நான் தவறவிட்டால் "அவரிடம் ஏன் கொடுக்கவில்லை" என்று பெஞ்சிலிருந்து குரல் வரும். இரண்டு மாதத்தில் என் ஷாட்டின் மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவர் கிளம்பிப் போன பிறகு கடைசி இரண்டு நிமிடத்தில் பந்தை எடுத்து ஆட எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. அதை மீட்க ஓராண்டுக்கு மேல் ஆனது.

மனிதர் தங்கமானவர். பயிற்சிக்கு முதல் ஆளாக வருவார், எங்களுக்குக் கால் நகர்த்தச் சொல்லிக் கொடுப்பார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு சீசன் ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டின் மேல்தான் குறை.

மெக்ரேடியின் முதல் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுஜியானுக்கு எதிராக 34 புள்ளி, அணி 92-95 என்று தோற்றது. மூன்றே புள்ளி வித்தியாசம். அந்தக் கணக்கைப் பார்க்கும்போது, அவரோடு நின்ற மற்ற நான்கு பேரின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்றுதான் எனக்கு யோசனை ஓடுகிறது.

ஹூஸ்டன் ரசிகன்:
நீங்கள் சொன்னது எனக்கு உறைக்கிறது, ஐயா. ஆனால் மெக்ரேடியின் 5.1 அசிஸ்ட்டை மறக்கக் கூடாது. பந்தைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆடியவருக்கு அது வராது. அவர் பாஸ் கொடுத்தார், மறுபக்கம் பந்து உள்ளே போகவும் வேண்டுமே.

அப்புறம் அவரது உடம்பு. 2009-ல் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை, அதுவும் எலும்பில் துளையிட்டுச் செய்யும் சிகிச்சை. முதுகு வலி பல ஆண்டுத் துணை. அந்த உடம்போடு 32-ல் 29 ஆட்டம் ஆடினார். அதே சீசனில் ஷாங்காய் அணிக்கு வந்த என்.பி.ஏ. வீரர் கில்பர்ட் அரீனாஸ் காயத்தால் பாதி ஆட்டம்கூட ஆடவில்லை. மெக்ரேடி நினைத்திருந்தால் பத்தாவது தோல்வியோடு முழங்காலைக் காட்டி விமானம் ஏறியிருக்கலாம். அந்தக் காலத்தில் அப்படிப் பாதியில் போனவர்கள் நிறைய. இவர் கடைசிவரை நின்றார். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த சீசன் எனக்குப் பெரியது.

பேஸ்லைன்:
29 ஆட்டம் நின்றதற்கு என் மரியாதை உண்டு. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் கால்பகுதி:
மார்பரி பற்றிய கேள்விக்கு வருகிறேன். உங்கள் உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. முதல் இரண்டு அணிகளில் பட்டம் இல்லாமல் இருந்தவர், நல்ல உள்ளூர் வீரர்கள் இருந்த பெய்ஜிங்குக்குப் போனதும் ஜெயித்தார். ஆள் அதே ஆள்தான், சுற்றியிருந்தவர்கள் மாறினார்கள். தவிர, முதல் பட்டம் வந்தது சீனாவில் அவர் ஆடிய மூன்றாவது சீசனில். ஷான்ஷி சீசனோடு அவர் நிறுத்தியிருந்தால் அவரையும் நாம் இப்படித்தான் பேசிக்கொண்டிருப்போம்.

என்.பி.ஏ. நட்சத்திரம் டுவைட் ஹாவர்டையும் பாருங்கள். 2022-23-ல் தைவானின் தாவ்யுவான் லெபர்ட்ஸுக்கு ஆடினார். முதல் ஆட்டத்தில் 38 புள்ளி, 25 ரீபவுண்ட், 9 அசிஸ்ட். சீசன் முழுக்க 23 புள்ளிக்கு மேல், 16 ரீபவுண்டுக்கு மேல் சராசரி. அந்த அணியும் பிளேஆஃப் எட்டவில்லை. பத்தாண்டு இடைவெளியில் அதே கதை.

பேஸ்லைன்:
ஒரே சீசனில் ஜெயித்துக் கொடுத்தவரும் இருக்கிறாரே. என்.பி.ஏ. நட்சத்திரம் டொமினிக் வில்கின்ஸ், 1995-96, கிரேக்க கிளப் பனாதினைகோஸ். வயது 36. பாரிஸில் நடந்த ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் பார்சிலோனாவை 67-66 என்று வென்றார்கள், ஃபைனல் ஃபோரின் (அரையிறுதி, இறுதிச் சுற்றின்) சிறந்த வீரர் அவர்தான். கோச் மல்கோவிச்சோடு உரசல் இருந்தும் கோப்பை வந்தது. ஆக, ஓராண்டு போதாது என்ற சாக்கு செல்லாது.

பழைய பாயிண்ட் கார்டு:
அந்த ஆட்டத்தின் கடைசி விநாடிகளை நினைத்துப் பாருங்கள். பார்சிலோனாவின் மொன்டேரோ கூடைக்கு அருகில் தனியாகப் போனபோது, பின்னாலிருந்து ஓடிவந்து பந்தைத் தட்டிவிட்டவர் பனாதினைகோஸின் வ்ரான்கோவிச். வில்கின்ஸுக்குப் பின்னால் அப்படி ஒருவர் இருந்தார்.

பேஸ்லைன்:
அதை மறுக்க முடியாது. வில்கின்ஸ் போன அணியும் சிங்தாவும் ஒரே தட்டில் வைக்கக்கூடிய அணிகள் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் மூலக் கேள்வி அப்படியே நிற்கிறது. உள்ளூர் வீரர்கள் பலவீனம் என்று மூன்றாம் கால்பகுதி சொல்கிறார். அப்படியானால் அந்த 10 லட்சம் டாலரை அவர்கள் மேல் செலவிட்டிருக்க வேண்டும். நல்ல பயிற்சியாளர்கள், இளையோர் அணி, பெரிய பெயர் இல்லாத ஆனால் மூன்று ஆண்டு தங்கக்கூடிய ஒரு வெளிநாட்டு வீரர். நீங்கள் சொல்லும் பதினான்கு பங்கு அப்படித்தான் வலுவாகும். மெக்ரேடி தோற்றார் என்று சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். அவரைக் கூட்டி வந்த முடிவு தோற்றது.

மூன்றாம் கால்பகுதி:
இதை ஏற்க எனக்குத் தடையில்லை. "மெக்ரேடி தோற்றார்" என்ற அந்த வரிக்காகத்தான் இழையே தொடங்கினேன்.

ஹூஸ்டன் ரசிகன்:
எனக்குத் தடை இருக்கிறது. அந்த முடிவும் தோற்கவில்லை.

சீசன் முடிந்து 2013 ஏப்ரலில் சான் அன்டோனியோ அவரைக் கூப்பிட்டது. எந்த அணியின் மேல் 33 விநாடியில் 13 புள்ளி எடுத்தாரோ, அதே அணி. பிளேஆஃபில் 6 ஆட்டம், மொத்தம் 31 நிமிடம், ஒரு புள்ளிகூட இல்லை. இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம்வரை போய் மயாமியிடம் தோற்றார்கள். ஆகஸ்டில் அவர் என்.பி.ஏ.விலிருந்து ஓய்வு பெற்றார்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது: அவர் முழு மெக்ரேடியாக, அணியின் ஆட்டத்தைத் தானே நடத்தி ஆடிய கடைசி இடம் சிங்தாவ். யாவோடு அவரைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த ஒரு நகரத்துக்கு, அந்தக் கடைசி சீசனைக் கண்ணெதிரே பார்க்கக் கிடைத்தது. அதில் 8 வெற்றிதான். பார்த்தவர்களில் யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

பழைய பாயிண்ட் கார்டு:
எனக்கு அந்த 12 தோல்விக்குப் பிறகு வந்த முதல் வெற்றியைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. மெக்ரேடியின் ஷாட்டுகளுக்காக இல்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் மற்ற நான்கு பேரும் எங்கே நின்றார்கள், பந்து வந்தபோது ஷூட் செய்தார்களா என்பதற்காக. யாரிடமாவது முழு ஆட்டப் பதிவு இருந்தால் இங்கே போடுங்கள்.