40 பேர், 40 நிமிடம்: பாடத்துக்கு நாடகத்தை எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி: சாக்பீஸ்

8-ம் வகுப்பு, சமூக அறிவியல். 40 பிள்ளைகள், 40 நிமிட பீரியட். அணை கட்டுவதற்காக ஒரு ஊரையே காலி செய்யச் சொல்கிறார்கள் என்ற பாடத்தை நாடகமாக நடத்தலாம் என்று யோசனை. வசனம் எழுதிக் கொடுத்தால் வாயுள்ள நாலைந்து பேர் எடுத்துக்கொள்கிறார்கள், மற்றவர்களுக்கு வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. வசனம் இல்லாமல் விட்டால் இரண்டாவது நிமிடமே அடிதடி சீன். ஒத்திகைக்கே மூன்று பீரியட் போனால் பாடத்தை எப்போது முடிப்பது? மதிப்பெண் எதற்குப் போடுவது? விவரமாகச் சொல்லுங்கள்.

பதில்: திரைச்சீலை

உங்கள் தொல்லைகளில் பாதிக்கு மேல் காரணம், எதிரே பார்வையாளர்கள் உட்கார்ந்திருப்பதுதான். ஆண்டுவிழா நாடகம் வேறு, பாடத்துக்கான நாடகம் வேறு. இதில் பார்ப்பதற்கென்று ஆள் கிடையாது. 40 பேரும் கதைக்குள் இருப்பார்கள், நீங்களும்தான். ஒத்திகையும் கிடையாது. இங்கிலாந்தில் டாரத்தி ஹீத்கோட் (1926–2011) வளர்த்தெடுத்த முறை இது. ஆசிரியரே ஒரு பாத்திரமாகி வகுப்பை உள்ளே இழுப்பார்.

எந்தப் பாத்திரத்தை எடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய அதிகாரியாக வந்தால் பிள்ளைகள் கேட்பார்கள், நீங்கள் பதில் சொல்வீர்கள். அது வழக்கமான வகுப்புதான். ஊர்க்காரராக வந்தால் நெருக்கடி கொடுக்க முடியாது. நடுவில் ஒரு ஆள் வேண்டும்: வீடுகளுக்கு எண் எழுத வந்த சர்வேயரின் உதவியாளர். "உத்தரவு மேலிருந்து வந்தது, நாளைக்குள் கையெழுத்து வாங்கணும், மற்றது எதுவும் எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்றேன்." தெரியாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருப்பதால், பதிலைப் பிள்ளைகளே தேட வேண்டிவரும்.

கையில் ஒரு கோப்பு இருந்தால் நீங்கள் உதவியாளர். மேசையில் வைத்துவிட்டால் டீச்சர். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். மீசை ஒட்டுவது, குரலை மாற்றுவது வேண்டாம். நீங்கள் நடித்துக் காட்ட ஆரம்பித்த நொடியே அவர்கள் ரசிகர்களாகிவிடுவார்கள்.

பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பாத்திரம் தராதீர்கள். ஐந்து பேர் ஒரு குடும்பம், மொத்தம் எட்டுக் குடும்பம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டுச் சீட்டு, அதில் இரண்டே வரி: பிழைப்பு என்ன, இழப்பு என்ன. எட்டும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. பத்திரம் உள்ள நிலக்காரர், பத்திரமே இல்லாமல் தலைமுறையாக உழுபவர், ஆற்றில் மீன் பிடிப்பவர், ஊரை நம்பிக் கடை வைத்தவர், வெளியூர் போக ஆசைப்படும் இளையவர்கள் உள்ள வீடு. இழப்பீடு பத்திரம் உள்ளவருக்கு மட்டும் என்று உதவியாளர் சொன்னதுமே ஊர் இரண்டுபடும். நீங்கள் தூண்டவே தேவையில்லை.

நேரம் இப்படி: முதல் 5 நிமிடம் விதி, குழு, சீட்டு. அடுத்த 7 நிமிடம் ஃப்ரீஸ் காட்சி. ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாலை நேரத்தை அசையாத படமாக அமைக்க 2 நிமிடம் கொடுங்கள், பிறகு எட்டும் ஒரே சமயத்தில் உறையட்டும். நடந்துபோய் ஏழெட்டுப் பேர் தோளைத் தொடுங்கள். தொடப்பட்டவர் மனதில் ஓடுவதை ஒரு வரியில் சொல்லட்டும். குழு குழுவாகக் காட்டச் சொன்னால் எப்போதும் ஏழு குழு சும்மா இருக்கும், சத்தம் அங்கிருந்துதான் கிளம்பும். பிறகு 12 நிமிடம் ஊர்க்கூட்டம், நீங்கள் கோப்போடு. அடுத்த 6 நிமிடம் மனச்சாட்சிச் சந்து: இரண்டு வரிசை எதிரெதிரே நிற்க, ஒரு குடும்பத் தலைவர் நடுவில் மெதுவாக நடப்பார், ஒரு பக்கம் கையெழுத்துப் போடச் சொல்லும், மறுபக்கம் வேண்டாம் என்னும். கடைசியில் அவர் முடிவைச் சொல்வார். 7 நிமிடம் பாத்திரமாகவே கடிதம் எழுதுவது. மீதி 3 நிமிடம் பாத்திரத்திலிருந்து வெளியே வருவது.

அடிதடி ஏன் வருகிறது என்றால், முடிவெடுக்க வேறு எதுவும் இல்லாததால். கெடு, கையெழுத்து, சமமில்லாத இழப்பீடு இருந்தால் பெரும்பாலும் வராது. வந்துவிட்டால் திட்ட வேண்டாம். கோப்பைக் கீழே வையுங்கள். "அது நடந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. இப்போது அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை?" என்று அங்கிருந்து தொடருங்கள். அடிக்கு விளைவு உண்டு என்று தெரிந்ததும் வேகம் தானாக இறங்கிவிடும்.

பதில்: அம்மீட்டர்

நல்ல திட்டம், ஆனால் எல்லாப் பாடத்துக்கும் இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மனிதர் முடிவெடுக்கும் பாடத்தில் நாடகம் பலம். அறிவியல் மாதிரிகளில் கவனம் தேவை. மின்சுற்று நல்ல உதாரணம். பிள்ளைகள் எலக்ட்ரான்களாகி, மின்கலத்திடம் சீட்டு வாங்கி, ஓடிப்போய் பல்பிடம் கொடுப்பது பல வகுப்புகளில் நடக்கிறது. அதிலிருந்து "எலக்ட்ரான் மின்கலத்தில் புறப்பட்டு பல்புக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எரியும்" என்ற தப்பான படம் மனதில் ஒட்டிக்கொள்ளும். பிடுங்குவது கஷ்டம்.

அதற்குப் பதில் ஒரு நீளக் கயிறு. இரண்டு முனையையும் முடிந்து வளையமாக்கி, வட்டமாக நிற்கும் 12 பேர் வளைத்த விரல்களில் தளர்வாக வைத்துக்கொள்ளட்டும். ஒருவர் (மின்கலம்) கயிற்றை இழுத்து ஓடவிட வேண்டும். எல்லார் கையிலும் கயிறு ஒரே நேரத்தில் நகர்வதை அவர்களே உணர்வார்கள். இன்னொருவர் (பல்பு) லேசாக அழுத்திப் பிடித்தால் அவர் விரல் சூடாகும், சுற்று முழுவதும் வேகம் குறையும். முடிச்சு கையில் உராயாமல் சிறிதாக இருக்கட்டும். சொரசொரப்பான கயிறு வேண்டாம். முடிந்ததும் "நிஜ மின்சுற்றைப் பற்றி இந்தக் கயிறு எங்கே பொய் சொல்கிறது?" என்று கேட்டே ஆக வேண்டும்.

பதில்: பக்கக்குறிப்பு

மதிப்பெண் பற்றி. நடிப்புக்குப் போடவே கூடாது. போட்டால் கூச்சமுள்ள பிள்ளை முதல் நாளே ஒதுங்கிவிடும். அந்த 7 நிமிடக் கடிதத்தைத் திருத்துங்கள். அந்தக் குடும்பத்தின் நிலையிலிருந்து பேசுகிறதா, பாடத்திலுள்ள இரண்டு செய்தியாவது சரியாக வந்திருக்கிறதா, எதிர்த்தரப்பின் ஒரு வாதத்துக்காவது பதில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இன்னொரு ஆபத்து, நாடகத்தில் பிள்ளைகள் இட்டுக்கட்டியது பாடமாகவே மனதில் பதிவது. மறுநாள் பலகையில் மூன்று பத்தி போடுங்கள்: புத்தகத்தில் உள்ளது, நாம் ஊகித்தது, தேடிப் பார்க்க வேண்டியது. கூட்டத்தில் பேசிய ஒவ்வொன்றும் எந்தப் பத்திக்குப் போகும் என்று அவர்களே சொல்லட்டும்.

அடுத்த முறை ஒரு பாத்திரத்தை நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பதாக இருந்தால், தனி ஆளை உட்காரவைக்காதீர்கள். மூன்று பேர் சேர்ந்து ஒரே பாத்திரம். ஒருவர் திக்கினால் அடுத்தவர் எடுப்பார். இல்லையென்றால் அது வினாடி வினாவாகிவிடும்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 2000-ல் ஆய்வாளர் ஆன் பொட்லோஸ்னி 80 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். கதையைப் புரிந்துகொள்ளுதல், வாய்மொழி, எழுத்து ஆகியவற்றில் வகுப்பறை நாடகத்தால் பலன் தெரிந்தது. சொல்வளத்தில் அப்படி உறுதியாகத் தெரியவில்லை. சொற்பொருள் பட்டியலை நாடகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது.

கேள்வியாளர்: சாக்பீஸ்

நன்றி. இரண்டு சந்தேகம். வகுப்பில் நிஜமாகவே வீடு இழந்த குடும்பத்துப் பிள்ளை இருந்தால்? பீரியட் 10 நிமிடம் தாமதமாக ஆரம்பித்தால் எதை விடலாம்?

பதில்: திரைச்சீலை

முதலாவது: அந்தப் பிள்ளைக்கு வீடு போகும் பாத்திரத்தைத் தராதீர்கள், "உனக்குத்தான் தெரியுமே, சொல்லு" என்று தள்ளவும் வேண்டாம். இன்னும் நல்ல வழி, மொத்த வகுப்பையுமே ஒரு அடி தள்ளி நிறுத்துவது. எல்லாரும் 50 வருடம் கழித்து அந்த ஊரைப் பற்றி அருங்காட்சியகம் அமைக்கும் குழுவினர். எந்தப் பொருளை வைப்பது, அதன் கீழே என்ன எழுதுவது என்பதுதான் பிரச்சினை. பாடம் அதேதான், அனுபவித்தவராக யாரும் நிற்க வேண்டியதில்லை. பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்தோ போவாலின் ஃபோரம் தியேட்டர் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். அதில் பார்ப்பவர் காட்சியை நிறுத்தி, ஒடுக்கப்படுபவரின் இடத்தில் தானே ஏறி வேறு வழி முயல்வார். வலிமையான முறைதான், நடத்தப் பழக்கம் வேண்டும்.

இரண்டாவது: மனச்சாட்சிச் சந்துப் பகுதியை முழுதாக விடுங்கள், ஊர்க்கூட்டத்தை 8 நிமிடமாக்குங்கள். 10 நிமிடம் கிடைத்துவிடும். ஃப்ரீஸ் காட்சியில் கைவைக்காதீர்கள். அது இல்லாமல் கூட்டத்துக்குப் போனால் குடும்பம் என்ற உணர்வே வராது, பழைய நாலைந்து பேர்தான் பேசுவார்கள். கடைசி 3 நிமிடமும் அப்படியே இருக்கட்டும்: சீட்டைத் திருப்பிக் கொடுத்து, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, தன் இடத்தில் உட்கார வேண்டும். இதை விட்டால் கூட்டத்தில் போட்ட சண்டை இடைவேளையிலும் தொடரும்.