பருவத்துக் காயும் அடுப்படிப் பேச்சும்

பச்சைப் பட்டாணி சந்தைக்கு வர ஆரம்பித்துவிட்டால் அந்த வாரம் முழுக்க எனக்கு மனசு லேசாக இருக்கும். உறைய வைத்த பட்டாணி வருஷம் பூராவும் கிடைக்கிறது, நானும் வாங்குகிறேன், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் தோலோடு குவித்து வைத்திருக்கும் பட்டாணியை இரண்டு கையாலும் அள்ளினால் காய்கள் ஒன்றோடொன்று உரசிக் கீச்சென்று சத்தம் போடும். அன்றைக்குப் பறித்த காய் மட்டும்தான் அப்படிச் சத்தம் போடும். வாடிய காய் சும்மா சரியும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது காய் விற்ற ஒரு பாட்டி. சமையல் விஷயத்தில் எனக்குத் தெரிந்தவற்றில் பாதிக்கு மேல் இப்படி யாரோ பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை சொன்னதால் வந்தவைதான். அப்படிச் சொன்ன சிலரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

அந்தப் பாட்டியிடம் பட்டாணி கேட்டபோது, எவ்வளவு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. "என்னைக்குக் கண்ணு சமைக்கப் போற?" என்றுதான் கேட்டார். நாளை மறுநாள் வீட்டுக்கு ஆள் வருகிறார்கள், அன்றைக்கு என்றேன். "அப்ப அன்னைக்கே வா. இப்ப வாங்கிட்டுப் போயி வெச்சிருந்தா இனிப்பு போயி மாவா ஆயிடும்" என்றார். கைக்கு வந்த வியாபாரத்தை ஒருவர் இப்படித் தள்ளிப்போட்டு நான் பார்த்ததில்லை. அதோடு விடவில்லை. ஒரு காயைக் கட்டைவிரல் நகத்தால் பிளந்து நாலு மணியை என் உள்ளங்கையில் உதிர்த்தார். பிறகு பக்கத்தில் முந்தின நாள் மிச்சமாகக் கிடந்த குவியலிலிருந்து ஒன்றைப் பிளந்து கொடுத்தார். முதலாவது கடித்ததுமே சாறும் இனிப்புமாக இருந்தது. இரண்டாவது பார்க்க அதே பச்சை, அதே அளவு. வாயில் போட்டால் மட்டும் மாவு.

பாட்டி சொன்னது அப்படியே நடக்கிற விஷயம்தான். செடியிலிருந்து பறித்த பிறகும் பட்டாணி மணி உயிரோடுதான் இருக்கிறது. தன்னிடம் உள்ள சர்க்கரையில் ஒரு பகுதியை மூச்சுக்குச் செலவழிக்கிறது, இன்னொரு பகுதியை மாவுச்சத்தாக மாற்றிச் சேமிக்கிறது. வெயில் அதிகமாக இருந்தால் இந்த வேலை வேகமாக நடக்கும், குளிரில் மெதுவாகும். அதனால் அன்றே சமைக்க முடியாதவர்கள் வாங்கிய உடனே தோலோடு குளிரில் வைத்துவிடுவது நல்லது. மக்காச்சோளமும் இதே ஜாதிதான். பழைய ரக இனிப்புச் சோளக் கதிர், வெயில் நாளில் வெளியே கிடந்தால், ஒரே நாளில் பாதிச் சர்க்கரையை இழந்துவிடும். இப்போது வரும் மிகை இனிப்பு ரகங்கள் கூடுதலாகச் சில நாள் தாங்கும்.

பட்டாணி இனிப்புக்குப் பின்னால் இன்னொரு கதையும் உண்டு. கிரிகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட பரம்பரை ஆய்வில் உருண்டைப் பட்டாணி, சுருங்கிய பட்டாணி என்று இரண்டு வகை வரும், பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். அந்தச் சுருக்கத்துக்குக் காரணம் சர்க்கரைதான். சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றும் வேலையில் உதவும் ஒரு நொதி அந்த வகையில் சரியாக உருவாவதில்லை. சர்க்கரை மிச்சமாகிறது, அதோடு சேர்ந்து தண்ணீரும் கூடுதலாகத் தங்குகிறது, காயும்போது தோல் சுருங்கிப்போகிறது. இந்த மரபணுவை 1990இல் கண்டுபிடித்தார்கள். நாம் பச்சையாக உரித்துச் சாப்பிடும் இனிப்பு ரகங்களில் பெரும்பாலானவை அந்தச் சுருங்கிய வகையைச் சேர்ந்தவை. பாடப் புத்தகத்தில் வெறும் கட்டமாகப் பார்த்த விஷயம் தட்டில் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சரி, உரிக்கிற கதைக்கு வருகிறேன். பட்டாணி வாங்கினால் தனியாக உரிக்கவே கூடாது என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் அன்று பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவன் வேகமாக உரித்துக் கிண்ணத்தை நிரப்பினான். சின்னவள் ஒவ்வொரு காயையும் திறந்து, மூக்குப் பக்கம் கொண்டுபோய், உற்றுப் பார்த்துவிட்டுத்தான் மணியை உதிர்த்தாள். கொஞ்ச நேரத்தில், "ஆன்ட்டி, இது ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றாள். வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது முழுக்கச் சரி. காயை மெதுவாக இரண்டாகப் பிரித்தால் முதல் மணி இடது ஓட்டில், அடுத்தது வலது ஓட்டில், மறுபடி இடது, மறுபடி வலது என்று மாறி மாறிச் சின்னஞ்சிறு காம்பில் தொங்குகிறது. எத்தனை காய் உரித்திருப்பேன், இப்படி ஒரு ஒழுங்கு அதற்குள் இருப்பதை ஒரு குழந்தை காட்டித்தான் பார்த்தேன். அப்புறம் மூன்று பேரும் மீதிக் காய்களை மெதுவாகவே உரித்தோம். உரித்ததில் நிறைய வாய்க்குப் போனது, அதற்காகத்தான் கூடுதலாக வாங்குவது.

மிஞ்சியதைச் சமைக்க ஒரு வித்தையும் வேண்டாம். கனமான பாத்திரத்தில் அடி நனையும் அளவு தண்ணீர், கொஞ்சம் வெண்ணெய், உப்பு. மூன்று, நாலு நிமிஷம். எலுமிச்சை பிழிவதாக இருந்தால் இறக்கிய பிறகு, பரிமாறுகிற நேரத்தில்தான் பிழிய வேண்டும். முன்னாலேயே பிழிந்தால் புளிப்பு பட்டுப் பச்சையம் தன் மெக்னீசியத்தை இழந்து மங்கிய பாசி நிறத்துக்கு மாறிவிடும். பீன்ஸுக்கும் கீரைக்கும் இதே கணக்கு.

தக்காளிக்கு என் ஆசிரியர் எதிர்வீட்டு அக்கா. பழுத்த தக்காளியை அவர் ஒரு அகலத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல், காம்பு இருந்த பக்கம் கீழே பார்க்கும்படி கவிழ்த்து வைப்பார். தக்காளியின் தோல் ஈரத்தை அவ்வளவாக வெளியே விடாது. காம்பு கழன்ற அந்த வடு வழியாகத்தான் ஈரம் போகும். ஃப்ரிட்ஜில் வைக்கலாமே என்று யாராவது சொன்னால் அக்காவுக்குக் கோபமே வந்துவிடும். "வாசனைய கொன்னுட்டு அப்புறம் என்னத்துக்குத் தக்காளி?" என்பார்.

அவர் பக்கம் ஆராய்ச்சியும் இருக்கிறது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பழுத்த தக்காளியை 5 டிகிரி குளிரில் ஏழு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். சர்க்கரையும் புளிப்பும் பெரிதாக மாறவில்லை. மணம் தரும் பொருள்கள்தான் குறைந்துபோயின. மணத்தை உண்டாக்கும் மரபணுக்கள் குளிரில் அடங்கிப்போய், வெளியே எடுத்து வைத்த பிறகும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. நாக்குக்கு எல்லாம் இருக்கிறது, மூக்குக்கு ஒன்றும் இல்லை. அந்தச் சப்பென்ற தக்காளி ருசி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதுதான் பதில். ஆனாலும் ஒரு விஷயத்தில் நான் அக்காவோடு ஒத்துப்போக மாட்டேன். கொளுத்தும் வெயிலில், முழுதாகப் பழுத்து நாளைக்கு அழுகிவிடும் என்ற நிலையில் இருக்கும் பழத்தை ஓரிரு நாள் குளிரில் வைப்பதுதான் புத்திசாலித்தனம். தூக்கிப் போடுவதைவிட மணம் கொஞ்சம் குறைந்த தக்காளி எவ்வளவோ மேல். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டுவார், ஒத்துக்கொள்ள மாட்டார்.

இன்னொரு விஷயத்தில் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். விதையைச் சுற்றி இருக்கிற கூழை வழித்து எறிவது அவருக்குப் பிடிக்காது. "ருசியே அங்கதான் இருக்கு" என்று ஒரு பழத்தைப் பாதியாக வெட்டி, உப்பைத் தூவி, தொட்டியோரம் நின்றபடி உறிஞ்சிக் காட்டினார். முழங்கை வரை சாறு வழிந்தது. பிரிட்டனில் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2007இல் இதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். சதையைவிட அந்தக் கூழில்தான் குளூட்டமேட் கூடுதலாக இருக்கிறது. ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து உமாமி என்று பெயர் வைத்தாரே, இனிப்பு, புளிப்பு போலத் தனியாக நிற்கும் அந்த ருசிக்குக் காரணமான அதே பொருள். அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். "அளந்துதான் தெரியணுமா?" என்றார்.

வெங்காயம் பற்றி எழுதாவிட்டால் மாஸ்டருக்கு நான் துரோகம் செய்தவளாவேன். பெரிய கேன்டீன் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றுக்குச் சமைக்க வந்திருந்தார். நான் கூடமாட எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெங்காயத்தைப் போட்டு உப்பும் சேர்த்துவிட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவ ஆரம்பித்தார். எனக்கு ஒரே பதற்றம், கிளறட்டுமா என்று கேட்டேன். "இரும்மா, இன்னும் தண்ணிதான் பேசுது" என்றார்.

கவனித்துக் கேட்டபோது புரிந்தது. முதலில் வெங்காயம் விடும் தண்ணீர் சளசளவென்று கொதிக்கும். அது வற்ற வற்றச் சத்தம் அடங்கிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் மெல்லிய, வறண்ட பொரிகிற சத்தம் கேட்கும். தண்ணீர் இருக்கும் வரை சட்டிக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டி ஏறாது, நிறமும் அவ்வளவாக மாறாது. எண்ணெய்ச் சத்தம் கேட்கும்போதுதான் சிவக்க ஆரம்பிக்கும். மாஸ்டர் அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்தார். அதற்கப்புறம் அடுப்பை விட்டு நகரவில்லை. அடியில் பழுப்பாக ஒட்டுகிறபோதெல்லாம் ஒரு கை தண்ணீர் தெளித்து, கரண்டியால் சுரண்டி, அந்தப் பழுப்பை வெங்காயத்துக்கே திருப்பிக் கொடுத்தார். அந்தப் பழுப்பில் ஒரு பகுதி சர்க்கரை கருகுவது. மறு பகுதி, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து உண்டாக்குவது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் 1912இல் இதை விவரித்ததால் இன்றும் அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். ரொட்டியின் மேல்தோல், வறுத்த காப்பிக்கொட்டை, எல்லாவற்றிலும் நம்மை இழுக்கிற மணம் இதனால்தான்.

பத்து நிமிஷத்தில் வெங்காயம் பொன்னிறமாகும் என்று எழுதுகிற சமையல் குறிப்புகள் மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. நிதானமான தீயில், இனிக்கிற அளவுக்குச் சிவக்க அரை மணிக்கு மேலேயே ஆகும், முக்கால் மணியும் ஆகலாம். புதிதாகச் சமைக்க வருகிறவர்கள் தங்கள் கையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கோளாறு குறிப்பில் இருக்கிறது. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் சிவக்கும் என்பது உண்மை, ஆனால் வெங்காயம் குழைந்துவிடும். மாஸ்டரிடம் கேட்டேன். "கஞ்சி வேணும்னா போடு" என்றார்.

அன்று அவர் சொன்ன இன்னொன்றையும் இன்றுவரை விடாமல் செய்கிறேன். உருளை வெந்த பிறகுதான் தக்காளி சேர்க்க வேண்டும். புளிப்பு முதலில் சேர்ந்தால் கிழங்கின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் லேசில் இளகாது, எவ்வளவு கொதித்தாலும் உள்ளே நறுக்கென்று நிற்கும். ஊற வைத்த பயறு வகைகளுக்கும் இது பொருந்தும்.

கடைசியாக அப்பா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் அடுப்படிக்குள் வந்தார். வந்தவர் முட்டையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு முட்டை மேலும் வாங்கிய தேதியைப் பென்சிலால் எழுதி வைப்பார். அம்மா முதலில் இது என்ன வேலை என்றார், இப்போது அவரே தேதி பார்த்துத்தான் எடுக்கிறார். விஷயம் இதுதான்: அன்றைய முட்டையை வேகவைத்தால் ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்துகொண்டு வரும். ஒரு வாரம், பத்து நாள் போனால் ஓட்டின் நுண்துளைகள் வழியாகக் கரியமிலவாயு வெளியேறி வெள்ளைக்கரு காரத்தன்மை கூடிவிடும், உள்சவ்வோடு அவ்வளவாக ஒட்டாது, ஓடு சுத்தமாகக் கழன்றுவிடும். தண்ணீர் கொதித்த பிறகு முட்டையை மெதுவாக இறக்கினால் இன்னும் சுலபம். அப்பா உரித்த முட்டையைப் பார்க்க வேண்டும், ஒரு கீறல் இருக்காது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் தட்டில் வைப்பார்.

புது முட்டைக்கு அவர் வைத்திருக்கும் வேலை வேறு. வெள்ளை கெட்டியாக இருப்பதால் கொதிக்காத வெந்நீரில் நேராக உடைத்து ஊற்றினாலும் சிதறாமல் மஞ்சளைச் சுற்றித் திரண்டு நிற்கும். அதனால் புதிது வந்த அன்று காலையிலேயே எனக்கு ஃபோன் வந்துவிடும். "வெந்நீர் வெச்சிட்டேன். ரொட்டி மட்டும் வாங்கிட்டு சீக்கிரம் வா."