புற்றுக்கும் குயவனா?

குழு: மேலத்தெரு சொந்தங்கள்

பெரிய மாமா, 6:48
(பலமுறை அனுப்பப்பட்டது) கடிகாரம் இருந்தா செஞ்சவன் இருக்கணும். உலகம் இருந்தா படைச்சவன் இருக்கணும். தர்க்கப்படி ஆத்திகமே சரி! நாத்திகரிடம் பதில் இல்லை!! 10 பேருக்கு அனுப்பவும்

கார்த்தி, 6:55
பதில் சொல்லி ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு மாமா

பெரிய மாமா, 6:56
எவன் சொன்னான், வெள்ளைக்காரனா?

கார்த்தி, 6:56
தர்மகீர்த்தி. 7ஆம் நூற்றாண்டு பௌத்தர்

தமிழரசி சித்தி, 7:02
இருடா. முதல்ல வாதத்தை ஒழுங்கா எழுதுவோம். கடிகாரம் இங்கிலாந்து பாதிரியார் பேலி 1802ல சொன்னது. நம்ம நியாயக்காரங்க (தர்க்கத்தை வெச்சு கடவுளை நிரூபிக்கப் பாத்தவங்க) சொன்னது குடம்.
பக்கம் (நிரூபிக்க வேண்டியது): உலகத்துக்குச் செய்தவன் உண்டு
ஏது (காரணம்): அது உண்டான பொருள் ஆகையால
திட்டாந்தம் (உதாரணம்): குடம் போல
மணிமேகலை 29ஆம் காதையில மலையில நெருப்பு இருக்கு, புகை இருக்கறதால, அடுக்களை போலன்னு வருமே, அதே சட்டம்தான். மீதி ரெண்டு உறுப்பான உபநயமும் (பொருத்திக் காட்டறது) நிகமனமும் (முடிவு) திட்டாந்தத்துலயே அடங்கும்னு அங்கயே இருக்கு, அதனால விட்டுட்டேன்

கார்த்தி, 7:06
ஓட்டை ஏதுல. புகை வந்தா நெருப்பு இருக்கறத அடுக்களையில பாத்திருக்கோம். உண்டான பொருளுக்கெல்லாம் செஞ்ச ஆளை பாத்திருக்கோமா? குடம் சரி. கரையான் புற்று? அதுவும் மண்ணு, அதுக்கும் ஒரு உருவம் இருக்கு. குயவன் செஞ்சான்னு சொல்வோமா? தர்மகீர்த்தி கேட்டது இதான்

கார்த்தி, 7:07
குடத்துக்கும் உலகத்துக்கும் "உண்டானது"ங்கற சொல்லு ஒண்ணு, விஷயம் வேற. புகை மாதிரி வெளிறித் தெரியுது, அதனால நெருப்புன்னா? பனியும் வெளிறித்தான் இருக்கும்

பெரிய மாமா, 7:10
புத்தர் கட்சி அப்படித்தான் பேசும். பக்திமான் யாராவது சொன்னாரா?

தமிழரசி சித்தி, 7:14
ராமானுஜர் அண்ணே. வேதாந்த நூலான பிரம்மசூத்திரத்துக்கு அவர் எழுதின உரை ஸ்ரீபாஷ்யம், அதுல மூணாவது சூத்திரத்துக்கு எழுதுறப்ப குடம் குயவன் வாதத்தை அவரே பிரிச்சுப் போடறாரு. நாம பாத்த குயவனுக்கெல்லாம் உடம்பு இருக்கு, அப்ப கடவுளுக்கும் உடம்பு வேணும். பெரிய வேலைன்னா பல பேர் சேர்ந்து செய்யறாங்க (கோபுரத்தை நினைச்சுக்கோங்க), உலகத்துக்கு மட்டும் ஒருத்தர்னு எப்படி? மலையும் கடலும் ஒரே நேரத்துல உண்டாச்சுன்னு யாருக்குத் தெரியும்? பிரம்மத்தை அனுமானத்தால (ஒண்ணைப் பாத்து இன்னொண்ணை ஊகிச்சு) அறிய முடியாது, சாஸ்திரம் ஒண்ணுதான் வழிங்கறது அவர் முடிவு

அத்தை, 7:15
அப்ப அவர் நாத்திகர் பக்கமா???

தமிழரசி சித்தி, 7:16
ஐயோ இல்ல அண்ணி. வாதம் உடைஞ்சா வாதம்தான் உடையும், சாமி உடையாது

பெரிய மாமா, 7:19
சிவஞானபோதம் எழுதின மெய்கண்டார் அனுமானத்தை ஏத்துக்கிட்டாரே! "அவன் அவள் அது"ன்னு முதல் சூத்திரமே அதானே

கார்த்தி, 7:24
ஆமா மாமா. ஆனா நீங்க அனுப்பினது மாதிரி இல்ல. உலகம் தோணி நின்னு ஒடுங்குது, ஒடுங்கின இடத்துலேருந்துதான் மறுபடி தோணணும், அதனால ஒடுக்குறவனே முதல்னு போகுது சிவஞானபோதம். ஒண்ணுமில்லாததுலேருந்து படைச்சான்னும் சைவ சித்தாந்தம் சொல்லல. மாயை (உலகத்துக்கு மூலப்பொருள்) மண்ணு, சக்தி திரிகை (குயவன் சக்கரம்), சிவன் குயவன்

வினோத், 7:27
எதுக்கு இவ்ளோ? கண்ணுல படல, கருவியிலயும் படல. அதனால இல்ல. முடிஞ்சுது

தமிழரசி சித்தி, 7:31
முடியல தம்பி. மேசை மேல குடம் இல்லைன்னு எப்ப சொல்லலாம்? வெளிச்சம் இருக்கணும், கண்ணு நல்லா இருக்கணும், குடம் இருந்தா தெரிஞ்சே ஆகணும். அப்பதான் "காணோம்"ங்கறது "இல்ல"ன்னு ஆகும். இருட்டு ரூம்ல ஆகாது. 10ஆம் நூற்றாண்டுல நியாயக்காரரான உதயணர் இந்த விதியை வெச்சுத்தான் நாத்திகரை மடக்கினாரு

வினோத், 7:32
அப்ப எங்க கையில என்னதான் இருக்கு?

கார்த்தி, 7:36
துன்பம். கருணையும் சக்தியும் உள்ளவர் இருந்தா அதோட விளைவு வெளிய தெரியணுமே. பச்சைக் குழந்தைக்குப் புற்றுநோய் ஏன்? உதயணர் விதி இங்க தடுக்காது

பெரிய மாமா, 7:37
வினை!

கார்த்தி, 7:38
பிரம்மசூத்திரம் 2.1.34 பதிலும் அதான். ஆனா வினையே பலன் தந்துடும்னா நடுவுல கடவுள் எதுக்கு? மீமாம்சைங்கற வேதநெறி அறிஞர் குமாரிலர் வேதத்தை ஏத்துக்கிட்டே, படைச்சவன் வேண்டாம்னுட்டாரு

தமிழரசி சித்தி, 7:41
வினை சடம் (அறிவில்லாதது), தானா வந்து உரியவனைச் சேராது, சேக்க அறிவுள்ள ஒருத்தர் வேணும்பாங்க நியாயக்காரங்களும் சித்தாந்திகளும்

வினோத், 7:42
நெருப்பும் சடம்தானே சித்தி. தொட்டவனைத்தானே சுடுது?

தமிழரசி சித்தி, 7:44
நல்ல கேள்வி. சுடும், ஆனா போன ஜென்மத்துல தொட்டவனை இப்ப தேடி வந்து சுடாதே. சண்டை அங்கதான்

பெரிய மாமா, 7:50
அந்த ராமானுஜர் கேள்வி மூணையும் தனியா எழுதி அனுப்பும்மா. எனக்கு இதை அனுப்பினதே ஒரு ஐயங்கார் சிநேகிதர்தான்