மூடுல் தளத்தைக் காப்புப்பிரதியிலிருந்து மீட்ட அனுபவங்கள்

கல்லூரி சர்வர் நிர்வாகி:
தேர்வு நெருங்கும் நேரத்தில் எங்கள் மூடுல் தளம் (பாடங்களையும் ஒப்படைப்புகளையும் இணையவழி நடத்தும் மென்பொருள்) இருந்த சர்வரின் வட்டு பழுதாகிவிட்டது. காப்புப்பிரதி இருந்தது. ஆனால் தரவுத்தளம் முந்தைய இரவு எடுத்தது, ஏற்றப்பட்ட கோப்புகள் இருக்கும் மூடுல்டேட்டா கோப்புறையோ அதற்குச் சில நாள் முன்பு எடுத்தது. மீட்டதும் தளம் திறந்தது. பாடங்கள், மதிப்பெண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசி வாரத்தில் மாணவர்கள் சமர்ப்பித்த ஒப்படைப்புகளைத் திறந்தால்தான் கோப்பு இல்லை என்றது.

மூடுல் எந்தக் கோப்பையும் நாம் வைத்த பெயரில் சேமிப்பதில்லை. உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் 40 எழுத்து ஷா-1 குறியீடே அதன் பெயர். முதல் 2 எழுத்துகள் ஒரு கோப்புறை, அடுத்த 2 எழுத்துகள் அதற்குள் இன்னொன்று. உண்மையான பெயர், ஏற்றியவர், நேரம் ஆகியவை தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது.

எங்களைக் காப்பாற்றியதும் அந்தக் குறியீடுதான். மாணவர் தம் கணினியில் உள்ள அதே கோப்பைத் தம் 'தனிப்பட்ட கோப்புகள்' பகுதியில் ஏற்றினால் போதும். உள்ளடக்கம் மாறாதவரை குறியீடும் மாறாது. விடுபட்ட இடத்தில் கோப்பு போய் அமர்ந்துகொள்ளும். பழைய சமர்ப்பிப்பு, பழைய நேரத்தோடு அப்படியே திறக்கும். ஒரு காற்புள்ளியைத் திருத்தியிருந்தாலும் திறக்காது. ஆகவே, பிறகு திருத்தி ஏற்றினார்களோ என்ற சந்தேகத்துக்கு இடமே இல்லை. மாணவர்களின் உழைப்பு வீணாகாததில் எனக்குப் பெரிய நிம்மதி.

இப்போது தரவுத்தளத்தை முதலில் எடுத்து, உடனே மூடுல்டேட்டாவை எடுக்கிறோம். இந்த வரிசையில் கோப்புகள் சில கூடுதலாக இருக்கலாம். அதனால் கெடுதல் இல்லை.

பள்ளிக் கணினி ஆசிரியை:
பயனுள்ள பகிர்வு, ஐயா. சோதனை சர்வரில் மீட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பின்னணி வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாகச் செய்யும் க்ரானை இயக்கும் முன், மூடுலின் அமைப்புகள் உள்ள கான்ஃபிக் கோப்பில் 'நோஈமெயில்எவர்' வரியைச் சேர்த்து, மின்னஞ்சல் எதுவும் போகாமல் தடுத்துவிடுங்கள். பிரதியிலும் மாணவர்களின் உண்மையான மின்னஞ்சல் முகவரிகளே இருக்கின்றன. பழைய அறிவிப்புகள் அவர்களுக்குப் போய்க் குழப்பம் உண்டாக்கும்.

எழுத்துக் குறியாக்கத்தையும் பாருங்கள். தரவுத்தளத்தை, தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத லத்தீன்-1 குறியாக்கத்தில் எடுத்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகவே கோப்பில் பதிவாகும். அதன் பிறகு என்ன செய்தாலும் திரும்பாது. தமிழையும் தாங்கும் யூடிஎஃப்8எம்பி4 குறியாக்கம் என்று குறிப்பிட்டே எடுங்கள்.

பயிற்சி மைய ஒருங்கிணைப்பாளர்:
நாங்கள் மீட்ட தளம் 'பராமரிப்பில் உள்ளது' என்றே காட்டிக்கொண்டிருந்தது. நிர்வாகப் பக்கத்துக்கும் போக முடியவில்லை. கட்டளை வரி வழியாகப் பராமரிப்பு நிலையில் வைத்து எடுத்த பிரதி அது. மூடுல்டேட்டாவுக்குள் 'கிளைமெயின்டனன்ஸ்' என்ற எச்டிஎம்எல் கோப்பும் சேர்ந்து வந்திருந்தது. அதை நீக்கியதும் தளம் திறந்தது.

ஐயா, மூலக் கோப்பே கையில் இல்லாத மாணவர்களை என்ன செய்தீர்கள்?

கல்லூரி சர்வர் நிர்வாகி:
சிலர் நண்பர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்ததை எடுத்து ஏற்றினார்கள். மற்றவர்களின் பட்டியலைத் துறைத்தலைவரிடம் கொடுத்தோம். சமர்ப்பித்த நேரம் தரவுத்தளத்தில் இருந்ததால், தாமதத்துக்கான மதிப்பெண் குறைப்பு இல்லாமல் மீண்டும் எழுதித் தர அனுமதித்தார்.