மழைக்காலத்தில் வயலின் பச்சையை எப்படி அளப்பது?

கேள்வி: வணக்கம். மியான்மரில் பெகு பக்கம் எங்கள் வயலில் மழைக்கு நெல், அறுத்ததும் உளுந்து. பருவம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி நகர்கிறது என்று பார்க்க மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவி தரும் 16 நாள் என்.டி.வி.ஐ. (பயிரின் பச்சையைக் காட்டும் எண்) எடுத்தேன். உளுந்துக்குக் கோடு அழகாக ஏறி இறங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தாறுமாறாகக் குதிக்கிறது. ஏன்?

பதில்: மேகம்தான் தம்பி. தரவோடு வரும் தரக் குறியீட்டைப் பார்த்து மேகப் புள்ளிகளை நீக்குங்கள். அதோடு மோடிஸில் ஒரு புள்ளி 250 மீட்டர் அகலம். பக்கத்து வயலும் வாய்க்காலும் கலந்துவிடும். சென்டினல்-2 செயற்கைக்கோள் என்றால் 10 மீட்டர்தான்.

இன்னொரு பதில்: சென்டினல்-2-க்கும் மேகத்தைத் தாண்டிப் பார்க்க முடியாது! நெல்லுக்கு, மேகத்தைத் தாண்டிப் பார்க்கும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படம் எடுங்கள். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் கறுப்பாகத் தெரியும், பயிர் வளர வளர வெளுக்கும். அந்தத் திருப்பத்தை ஒட்டித்தான் நடவு.

கேட்டவர்: நன்றி அண்ணே. அப்பா நடவுத் தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பார். அதோடு ஒப்பிட்டுப் படம் போடுகிறேன்.