வேர் இறங்கியதும் கிரீன் தேறியது

கோவைப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் 11 வருடமாகப் புல் பராமரிக்கிறேன். நான் சேர்ந்தபோது ஏழாவது கிரீனை, அதாவது பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை, பார்க்கவே பாவமாக இருக்கும். நடுவில் மஞ்சள் திட்டு, ஓரமெல்லாம் பாசி. யூரியா போட்டால் பத்து நாள் பச்சை, அப்புறம் பழையபடிதான்.

ஒருநாள் குழியை இடம் மாற்றும்போது, வெட்டி எடுத்த மண்ணை உடைக்காமல் கையில் வைத்துப் பார்த்தேன். வேர் இரண்டு விரற்கடைகூட இறங்கவில்லை. அதற்குக் கீழே கறுப்பாக ஒரு அடுக்கு, அழுகிய முட்டை வாடை. மிதிபட்டு மிதிபட்டு மண் இறுகி, தண்ணீரும் காற்றும் போக வழியில்லை. மேலே உரம் கொட்டி என்ன பிரயோசனம்?

அரை அங்குலக் குழாய் ஊசியால் மூன்று அங்குல ஆழத்துக்கு மண்ணை உருவி எடுத்தோம். துண்டுகளை அள்ளிவிட்டு, காய்ந்த மணலைச் சலித்துத் தூவி, துளை நிறையும்வரை பிரஷ்ஷால் தள்ளினோம். முதல் தடவை டிசம்பரில் செய்தது என் தப்பு. குளிரில் இந்தப் புல் மெதுவாகத்தான் வளரும். துளைகள் மூடவே இல்லை. பந்து தத்தித் தத்திப் போகிறது என்று ஆடுகிறவர்களிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடுத்த தடவை ஏப்ரலில் செய்தோம், மூன்றே வாரத்தில் மூடிவிட்டது. அதுவரை வெட்டும் உயரத்தை 3 மில்லிமீட்டரிலிருந்து 5-க்கு ஏற்றி வைத்தோம்.

கிரீனில் இருக்கும் பெர்முடா புல் நம் அருகம்புல் வம்சம்தான். 'அருகுபோல் வேரோடி' என்று சும்மாவா வாழ்த்துகிறோம்? நான்கு மாதம் கழித்து அதே கிரீனில் வெட்டிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று வேர், ஒரு சாண் நீளத்தில் பாதிக்கு மேல்!

*

இதைப் படித்து, இன்னொரு மைதானத்தில் புல் பராமரிப்பவர் எழுதிய பதில்:

அண்ணா, எங்களுடையது கடலோர கோல்ஃப் மைதானம். எங்களுக்கு உப்புத் தண்ணீர்தான் வினை. போர்வெல் தண்ணீர் பாய்ச்சப் பாய்ச்ச புல் நுனி கருகியது. உப்பு தாங்கும் பாஸ்பாலம் புல்லுக்கு மாறினோம். அதற்கும் அவ்வப்போது நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்கியே ஆகவேண்டும். நுனி வெளுத்தால் மோவர் (புல் வெட்டும் வண்டி) பிளேடையும் பாருங்கள். பிளேடுக்கு ஒரு தாளைக் கொடுத்து, அதைக் கையால் சுற்றிப் பார்ப்பேன். கத்தரித்தால் சரி, கிழித்தால் அன்றைக்கு வண்டி கிரீனில் இறங்காது.